மூன்றாவது கொட்டேஷன்

சனிக்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் கொட்டேஷன் ஒரு முடிவை அறிவித்தார்.

"சரளையோட காலேஜ் விஷயத்தை இனிமே நான் பாத்துக்கறேன். முழுசா. யாரும் குறுக்க வரக் கூடாது."

கொட்டேஷன் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் கொள்முதல் அதிகாரி. ஒரு டப்பா திருகாணி வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் அருகருகே வைத்து அலசிய பிறகுதான் வாங்குவார். அங்கே வைத்த பெயர் அவர் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்துவிட்டது. வீட்டிலும் அவர் அப்படித்தான். குடை வாங்க மூன்று கடை ஏறி இறங்கினார். குடை வந்தபோது மழைக்காலம் முடிந்துவிட்டது. முடி வெட்ட நல்ல கடை எது என்று மூன்று இடத்தில் விசாரித்தார். விசாரணை முடிவதற்குள் முடியே பாதி உதிர்ந்துவிட்டது.

சரளை என்பதும் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவருடைய ஒரே மகள், நடக்கப் பழகிய நாளிலிருந்து, வழியில் கிடக்கும் கல்லையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். கல்லோடு சட்டையும் சலவை இயந்திரத்துக்குள் போனது. ஒரு நாள் அந்த இயந்திரம் பாறை உடைக்கும் சத்தத்தோடு உயிரை விட்டது. பழுது பார்க்க வந்தவர் உள்ளே கையை விட்டுத் துழாவி, "சரளைக்கல் லாரி ஏதாவது உள்ள போச்சா?" என்று கேட்டார். அன்று ஒட்டிய பெயர்.

இப்போது அவள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். அடுத்துப் படிக்க விரும்பியது நிலவியல், அதாவது பாறையையும் மண்ணையும் பற்றிய படிப்பு. கொட்டேஷனுக்குப் படிப்பின் மேல் எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆட்சேபணை தூரத்தின் மேல்தான். சரளை ஆசைப்பட்ட கல்லூரி ஒரு மலை மேல் இருந்தது. காலையில் கிளம்பினால் இருட்டும்போதுதான் போய்ச் சேரலாம். கொட்டேஷன் ஆசைப்பட்ட கல்லூரி, மகள் மாலை டீக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற தூரத்தில் எது இருந்தாலும் அது.

"சரி," என்றாள் அவர் மனைவி, கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே.

"என்ன சரி?"

"நீங்களே பாத்துக்கோங்க. அதான் சரி."

"நிஜமாவா?"

"ஏன், எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவளுக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. கன்னம் வீங்கி, முகம் வெளுத்து, திரும்பி ஓடுவதற்கு ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்கும்படி வருகிறவர்களை உள்ளே உட்கார வைப்பது அவள் பொறுப்பு. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று யாரிடமும் கேட்க மாட்டாள். "காலையில வர்றீங்களா, சாயங்காலம் வர்றீங்களா?" என்று கேட்பாள். வந்தவர் தீவிரமாக யோசித்து, "சாயங்காலம்," என்பார். வராமலே இருக்கலாம் என்று ஒரு மூன்றாவது வழி இருப்பது வீட்டுக்குப் போகும் பாதி வழியில்தான் அவருக்கு நினைவுக்கு வரும்.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லும்போதெல்லாம் கொட்டேஷன் விழுந்து விழுந்து சிரிப்பார். "இப்படிக்கூட மனுஷங்க ஏமாறுவாங்களா?" என்று கேட்பார்.

"ஏமாறுவாங்க," என்பாள் மனைவி.

அன்று முழுப் பொறுப்பும் கைக்கு வந்த மகிழ்ச்சியில் கொட்டேஷன் மாடிக்குப் போனார். மாடியில் குடியிருந்த வக்கீல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், பொண்ணு காலேஜ் விஷயம் முழுக்க என்கிட்ட வந்துருச்சு."

"வீட்டம்மா வாதாடினாங்களா?"

"இல்ல."

"அழுதாங்களா?"

"இல்ல சார். சரின்னு ஒரே வார்த்தை."

வக்கீல் பூவாளியைக் கீழே வைத்தார். "எதிர்த்தரப்பு ஆட்சேபணை இல்லைன்னு சொன்னா நான் உடனே வாய்தா கேட்டுருவேன். எனக்குத் தெரியாத எதுவோ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"இது வீடு சார். கோர்ட்டு இல்ல."

"ஆமாமா. கோர்ட்டுன்னா மேல்முறையீடாவது இருக்கும்," என்றார் வக்கீல்.

கொட்டேஷன் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஒரு தாளில் மூன்று கல்லூரிகளின் பெயரை எழுதினார். ஒன்று, கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கல்லூரி. இரண்டாவது, அவருடைய தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டியிருந்த கல்லூரி. மூன்றாவதும் அதே ஊர்தான்.

"மலைக் காலேஜ்?" என்று சரளை கேட்டாள்.

"பட்டியல்ல இல்ல."

சரளை கையைப் பைக்குள் விட்டாள். உள்ளே கற்கள் உரசும் சத்தம் கேட்டது. மனசு சரியில்லை என்றால் அவள் செய்வது அதுதான். கொட்டேஷனுக்கு அந்தச் சத்தம் தெரியும். காதில் விழாதது போல் தாளின் ஓரத்தை நீவினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, மூணும் உள்ளூராவா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. மூணு கொட்டேஷனும் ஒரே ஊர்னா அவங்க பேசி வச்சுக்குவாங்க, வெளியூர்க்காரன் ஒருத்தனை நடுவுல நுழைச்சாத்தான் உள்ளூர்க்காரன் அடங்குவான்னு யாரோ சொல்வாங்க."

"யாரோ இல்ல. நான்தான் சொல்வேன்."

"அப்படியா. எனக்கு ஆள் மறந்துபோச்சு."

கொட்டேஷன் பேனாவின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லிவரும் விதி அது. சொந்த விதியைச் சொந்த வீட்டில் மீறுவது எப்படி?

"ஒப்பிட்டுப் பாக்கத்தான்," என்றார்.

"ஒப்பிட்டுப் பாக்கத்தான்," என்று மனைவி ஒப்புக்கொண்டாள்.

கொட்டேஷன் மூன்றாவது பெயரைத் தன் கையாலேயே அடித்துவிட்டு மலைக் கல்லூரியை எழுதினார். சரளை எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே அவள் துள்ளிக் குதித்ததில் ஒரு டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

முதலில் கண்ணாடிக் கல்லூரி. அளக்கும் நாடா, டார்ச் விளக்கு, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு கொட்டேஷன் போய் இறங்கினார். உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே போகும் சோபாவில் உட்கார வைத்தார்கள். பழச்சாறு கொடுத்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்து, கல்லூரியைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். கொட்டேஷனின் முகம் சுருங்கியது. அவருடைய அனுபவத்தில், பழச்சாறு கொடுப்பவனுடைய சரக்கு மட்டமாகத்தான் இருக்கும்.

"சாம்பிள் பாக்கணுமே," என்றார்.

"என்ன சாம்பிள் சார்?"

"இங்க தயாரான பிள்ளை. முழுசா முடிச்சது இல்லாட்டி பாதி முடிச்சதா இருந்தாலும் பரவாயில்ல."

கழுத்துப்பட்டைக்காரர் சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினார். எல்லாரும் பதக்கத்தோடு சிரித்தார்கள்.

"நீங்க பொறுக்கிக் குடுக்கற சாம்பிள் செல்லாது. குவியல்ல நானே எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கொட்டேஷன் வெளியே போனார். நிலவியல் இறுதியாண்டு மாணவன் ஒருவனைத் தாழ்வாரத்தில் மடக்கினார். "தம்பி, கருங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது போன வருஷம் சார்."

"போன வருஷம் படிச்சது இந்த வருஷம் இருக்காதா?"

"பரீட்சை முடிஞ்சிருச்சே சார்," என்றான் அவன், பெரியவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வருத்தத்தோடு.

வெளியே வந்ததும் அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பஸ் நிறுத்தம் வரை சிரித்தார்கள். கண்ணாடிக் கல்லூரி தீர்ந்தது.

அடுத்தது தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கல்லூரி. கொட்டேஷனின் மேசையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதன் சைக்கிள் கொட்டகை தெரியும். மகள் சைக்கிளை நிறுத்துவதையும் எடுப்பதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். உள்ளே நுழைவதற்கு முன்பே அவருக்கு அந்தக் கல்லூரி பிடித்துவிட்டது. நுழைந்த பிறகுதான் சிரமம்.

பாறை மாதிரிகள் வைத்த பீரோ பூட்டியிருந்தது.

"சாவி வச்சிருந்தவர் ரிட்டையர் ஆயிட்டார் சார்," என்றார் எழுத்தர்.

"பாறையெல்லாம்?"

"பாறை எங்க சார் போகும்? உள்ளதான் இருக்கு."

சரளை மெதுவாகக் கேட்டாள். "சார், வெளிய எங்கயாவது கூட்டிட்டுப் போவாங்களா? பாறையை நேர்ல பாக்க?"

"படம் இருக்கும்மா. எல்லாம் கலர் படம்."

கொட்டேஷன் பழக்க தோஷத்தில் தாழ்வாரத்துக் குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு டீ நிறத்தில் கொஞ்சம் தண்ணீரைத் துப்பிவிட்டு ஓய்ந்தது. வேறு யாராவது சரக்கு விற்க வந்து இப்படி ஒரு மாதிரியைக் காட்டியிருந்தால், வாசல் வரை துரத்தியிருப்பார். அங்கே குழாயை மூடிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "பீரோ பூட்டியிருந்துச்சாமே."

"பத்திரமா வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"சாவி?"

"என்னிக்காவது கிடைச்சிரும்."

"குழாயில தண்ணி வரலையாமே."

"அவ படிக்கப் போறாளா, தண்ணி பிடிக்கப் போறாளா?"

ஒரு பம்புக் கம்பெனிக்காரர் வாயிலிருந்து வரக் கூடாத பேச்சு அது. சொல்லி முடித்ததும் அவருக்கே விக்கல் எடுத்தது. மனைவி தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினாள். சரளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் கற்கள் உரசின.

மலைக் கல்லூரிக்குக் கொட்டேஷன் கிளம்பியது குறை கண்டுபிடிக்கத்தான். வீட்டிலும் சொல்லிவிட்டே கிளம்பினார். "ஒரு குறை போதும். அதோட இந்தப் பேச்சை முடிச்சிருவேன்."

"நல்லாத் தேடிப் பாருங்க," என்று மனைவி வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் போனார்கள். மலை வளைவுகளில் கொட்டேஷனின் முதுகு தனியாகவும் அவர் தனியாகவும் பயணம் செய்தார்கள். ஒரு விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கல்லூரிக்குப் போனார்கள். சோபா இல்லை. பழச்சாறு இல்லை. கணுக்கால் வரை சேறு அப்பிய ஒரு பெண் பேராசிரியர் படியில் உட்கார்ந்து, குச்சியால் காலணியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"காலேஜைப் பாக்க வந்தோம்."

"பாருங்க," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி காலணியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

கொட்டேஷன் கவலையோடு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். விற்பதில் அவசரம் காட்டாதவனிடம்தான் நல்ல சரக்கு இருக்கும். இதுவும் அவருடைய விதிதான்.

குழாயடியில் ஒரு மாணவி பல் துலக்கும் பிரஷ்ஷால் கற்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கொட்டேஷன் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அவருடைய இரண்டு கையிலும் கைக்கொரு கல்லாக வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க அங்கிள். எது பழசுன்னு நினைக்கறீங்க?"

அவர் யோசிப்பதற்குள் ஒரு சிறு புட்டியிலிருந்து ஒரு கல்லின் மேல் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டாள். கல் நுரைத்தது. "பாத்தீங்களா? இது சுண்ணாம்புக்கல். ஒரு காலத்துல கடலுக்கு அடியில கிடந்தது. இப்ப மலை மேல உங்க கையில இருக்கு."

"இதையும் பாருங்க அக்கா," என்று சரளை தன் பையைக் குழாயடியில் கவிழ்த்தாள். சிறு வயதிலிருந்து எடுத்துச் சுமந்த கற்கள். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்தார்கள். காலணியைச் சுரண்டிக்கொண்டிருந்த பேராசிரியரும் ஒரு காலில் செருப்பு இல்லாமலே எழுந்து வந்து குனிந்தார். "இது எங்க கிடைச்சுது?" என்று அவர் கேட்க, சரளை சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசும் பேச்சை அங்கே ஒரே மூச்சில் பேசினாள். கையில் இரண்டு கல்லோடு அப்பா ஒருவர் நிற்பது யாருக்கும் நினைவில்லை.

கொட்டேஷன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். குழாயை முழுக்கத் திறந்தார். தண்ணீர் பாய்ந்து வந்து அவருடைய சட்டையை நனைத்தது.

"பம்பு எங்க இருக்கு?" என்று நனைந்த சட்டையோடு கேட்டார்.

சரிவில் இறங்கிப் போனார். பம்பு அறையில் பச்சை நிறத்தில் ஒரு பழைய பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் அவருடைய தொழிற்சாலையின் முத்திரை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று கொட்டேஷன் வாங்கி, அந்த வகைப் பம்புக்குள் சுழலும் பேரிங்கை வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

"வந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை சார்," என்றார் பம்பு ஓட்டுகிறவர். "யார் செஞ்சாங்களோ, மகராசன்."

கொட்டேஷன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று அதன் சத்தத்தைக் கேட்டார். குறை எழுதக் கொண்டுவந்த தாள் பையிலேயே இருந்தது.

திரும்பி வரும் வழியில் சரளை அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். கையில் ஒரு கல்லை இறுக்கிப் பிடித்திருந்தாள். கொட்டேஷன் மனதைக் கல்லாக்கிக்கொள்ள முயன்றார். தூரம். அது ஒன்று போதும். படிப்பு நல்லது, பாறை நல்லது, பம்பு மிக நல்லது. ஆனால் தூரம் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை இதை அறிவித்துவிடுவது என்று உறுதி செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்."

"சொல்லுங்க," என்றாள் மனைவி. "அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சந்தேகம். அந்த மலைக்குப் போகணும்னா ரயில் நல்லதா, பஸ் நல்லதா? மாடி வக்கீல் சார் பஸ்தான்னு அடிச்சுச் சொல்றார்."

"வக்கீலுக்கு என்ன தெரியும்?" கொட்டேஷன் முதுகைத் தடவினார். "அவர் போயிருக்காரா? நான் போயிருக்கேன். கொண்டா ஒரு தாளை."

தாள் வந்தது. கட்டம் போட்டார். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் பஸ். நேரம், முதுகு, வாந்தி, சாமான் வைக்க இடம் என்று ஒவ்வொன்றாக எழுதினார். சூரியன் இறங்கும்வரை ரயிலுக்காக வாதாடினார். மனைவி நடுநடுவே பஸ்ஸுக்காக ஒரு வார்த்தை சொல்லி, உடனே தோற்றாள்.

"ரயில்தான்," என்று கொட்டேஷன் முடித்தார்.

"நீங்க சொன்னா சரிதான். அப்ப பெட்டி? இரும்புப் பெட்டியா, சக்கரம் வச்சதா?"

"சக்கரம் வச்சது. ஆனா எல்லாச் சக்கரமும் சக்கரம் இல்ல. உள்ள பேரிங் இருக்கான்னு பாக்கணும். அதை நானே வந்து பாக்கறேன்."

"கையெழுத்துக்கு நீலப் பேனாவா, கறுப்புப் பேனாவா?"

"கறுப்பு. நீலம் ஈரம் பட்டாக் கலைஞ்சுரும். இதுகூடவா கேப்பாங்க?"

"இந்தாங்க கறுப்பு," என்று மனைவி பேனாவையும் ஒரு விண்ணப்பத்தையும் நீட்டினாள். கொட்டேஷன் கையெழுத்துப் போட்டு, கீழே அளவுகோல் வைத்தது போல் ஒரு கோடும் இழுத்தார்.

"நீலத்துல போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார்.

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க," என்றாள் மனைவி.

அன்று கொட்டேஷன் எல்லா வாதத்திலும் வென்றவருக்கு வரும் தூக்கத்தைத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை, படிக்கட்டில் உட்கார்ந்து காலணி போட்டுக்கொண்டிருந்தபோது வக்கீல் இறங்கி வந்தார்.

"என்ன சார், காலேஜ் முடிவாயிருச்சு போல."

"இல்ல சார். இன்னிக்கு சாயங்காலம்தான் சொல்லப் போறேன். அது போகட்டும், பஸ் பஸ்ஸுன்னு சொன்னீங்களாமே. அந்த மலையில பஸ்ஸு எப்படிப் போகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"நான் எப்ப சார் பஸ்ஸைப் பத்திப் பேசினேன்?"

கொட்டேஷனின் கை காலணிக் கயிற்றில் நின்றது.

"நீங்க பேசலை?"

"நான் எந்த மலைக்கும் போனதே இல்லையே. உங்க வீட்டம்மா காலையில தபாலாபீஸுக்குப் போகும்போது, விண்ணப்பத்துல அவர் கையெழுத்து எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்கன்னு காட்டினாங்க. நான்கூட நினைச்சேன், நல்ல கறுப்பு மைன்னு."

கொட்டேஷன் பின்னோக்கிப் போனார். கறுப்பு மை. பேரிங் வைத்த சக்கரம். ரயில். ரயில் எங்கே போகிறது? மலைக் கல்லூரிக்கு! ஒரு காலணியின் கயிறு கட்டாமலே பல் மருத்துவமனைக்கு நடந்தார்.

அங்கே கன்னம் வீங்கிய ஒருவர் காத்திருந்தார். மேசையில் அவர் மனைவி எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"வலது பக்கமா, இடது பக்கமா?" என்று நிமிராமல் கேட்டாள்.

"எனக்குப் பல்லு வலிக்கலை," என்றார் கொட்டேஷன்.

அவள் நிமிர்ந்தாள். "ஓ, நீங்களா. உக்காருங்க."

"ரயிலா பஸ்ஸான்னு கேட்டியே, போகணுமா வேண்டாமான்னு கேட்டியா?"

கன்னம் வீங்கியவர் தலையைத் தூக்கினார். "என்கிட்டயும் காலையிலயா சாயங்காலமான்னுதான் கேட்டாங்க," என்றார் மெதுவாக.

"நல்லாத் தேடிப் பாருங்கன்னு அனுப்பினியே, அந்தப் பம்பு நம்ம கம்பெனிதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன் பண்ணிக் கேட்டேன். பிள்ளை இருக்கப் போற இடத்துல தண்ணி ஒழுங்கா வருமான்னு கேக்க வேண்டாமா?"

கொட்டேஷன் உட்கார்ந்தார். கட்டாத காலணிக் கயிற்றைப் பார்த்தார். "அவ போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிடும்," என்றார். சண்டை போட வந்த குரல் அதற்குள் எங்கேயோ போயிருந்தது.

மனைவி பேனாவை மூடி வைத்தாள். "ஆகும். எனக்கும்தான்." பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "குழாயடியில அவ எப்படிப் பேசினான்னு நீங்கதான் வந்து சொன்னீங்க. ரெண்டு நாள் அதையேதான் சொன்னீங்க."

கொட்டேஷன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார்.

"நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டா நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்," என்று சொல்லி அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். "இன்னிக்கே ரயில்ல இடம் போட்டுரலாம்னு பாக்கறேன். ஜன்னல் ஓரமா, நடுவுலயா?"

கொட்டேஷன் உஷாரானார். இந்தத் தடவை அவருக்குத் தெரியும். கன்னம் வீங்கியவரும் எதிரிலிருந்து, பதில் சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று தலையை ஆட்டினார். கொட்டேஷன் உதட்டை இறுக மூடிக்கொண்டார். எந்தச் சக்தியாலும் தன் வாயைத் திறக்க முடியாது என்று உறுதி எடுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மலை ஏறும்போது பாறைகள் எந்தப் பக்கமாக வரும் என்று யோசித்துப் பார்த்தார்.

"ஜன்னல் ஓரம்," என்றார்.